மூன்று காயில்கள், இரண்டு காரணங்கள்

நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் என்று 1980களின் தொடக்கத்தில் வழக்கமாயிருந்த அமைப்பைக் கொண்ட என் பழைய காரில், 14 மாதங்களுக்குள் மூன்று இக்னிஷன் காயில்கள் (பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தமாக மாற்றும் பொருள்) பழுதாயின. நல்ல காயில் பல ஆண்டுகள் உழைக்கும் பொருள். அதில் அசையும் பாகமும் இல்லை, தேய்வதற்கும் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட பொருள் அடுத்தடுத்துப் போகிறதென்றால் வண்டியில் வேறெதுவோ அதைக் கொல்கிறது என்பது யாருக்கும் எளிதில் விளங்கும். எனக்கும் விளங்கியது. மூன்று சாவுக்கும் ஒரே காரணம்தான் இருக்கவேண்டும் என்று நானாக எடுத்துக்கொண்டதுதான் என்னை நெடுநாள் அலையவைத்தது.

முதல் காயில் போனபோது அறிகுறி இப்படி இருந்தது: வண்டி கிளம்பி 25 நிமிடம் வரை ஒரு குறையுமின்றி ஓடும், பிறகு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் வேளையில் எஞ்சின் இரண்டு முறை இடறி அணைந்துவிடும். ஸ்டார்ட்டர் சுழலும், எஞ்சின் பிடிக்காது. பானெட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி கிளம்பும். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தை அடைத்துக்கொள்ளும் கோளாறும் அச்சு அசலாக இதே முகத்தைத்தான் காட்டும் என்பதால், எரிபொருள் பம்ப்பையும் கார்புரேட்டரையும் இரண்டு வாரம் குடைந்தேன், வீண் வேலை. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே, எஞ்சின் ஆறுவதற்குமுன், உதிரி ஸ்பார்க் பிளக் ஒன்றை ஒயரில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினோடு கிளிப் போட்டு இறுக்கி, கையை எடுத்துவிட்டு, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லிப் பொறியைப் பார்க்கவேண்டும். (பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் இதைச் செய்யவே கூடாது.) என் வண்டியில் பொறி மஞ்சளாய், இழைபோல் மெலிந்து, விட்டுவிட்டு வந்தது. மெக்கானிக் புதுக் காயில் போட்டார், வண்டி ஓடியது, பழையதைக் குப்பையில் போட்டேன். அளந்துகூடப் பார்க்காமல் எறிந்ததை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

காயிலுக்குள் நடப்பதைச் சற்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கணக்குக்கு அது வேண்டும். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய உள்ளகத்தின்மேல் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. முதன்மைச் சுருளில் தடித்த கம்பி சில நூறு சுற்றுகள். துணைச் சுருளில் தலைமயிரைப்போல் மெல்லிய கம்பி ஏறத்தாழ அதைப்போல் நூறு மடங்கு சுற்றுகள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் எழுகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிய, முதன்மைச் சுருளிலேயே சில நூறு வோல்ட்டும் துணைச் சுருளில் பல்லாயிரம் வோல்ட்டும் தோன்றுகின்றன. ஆக, காயில் கெடுவதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு: முதன்மைப் பக்கம் மிகுந்த மின்னோட்டத்தால் வெந்து போகலாம், துணைப் பக்கம் மிகுந்த மின்னழுத்தத்தால் காப்பு (மின்சாரம் கசியாமல் தடுக்கும் பூச்சும் உறையும்) துளைபட்டுப் போகலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ‘காயில் போய்விட்டது’ என்ற ஒரே சொல்தான்.

ஐந்தாவது மாதத்தில் இரண்டாவது காயில் அதே அறிகுறிகளோடு நின்றது. இம்முறை மல்டிமீட்டர் வண்டியிலேயே இருந்தது. முந்தைய வாரம் எஞ்சின் ஆறியிருந்தபோது அளந்ததில் முதன்மைச் சுருள் 1.5 ஓம் காட்டியிருந்தது (மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.2 ஓமைக் கழித்தபிறகு; இவ்வளவு சிறிய மின்தடையை அளக்கும்போது அந்தக் கழிவை மறந்தால் கணக்கே கெட்டுவிடும்). துணைச் சுருளும் கையேட்டில் உள்ளபடியே இருந்தது. அளவு சரியாக இருக்கிறது, எனவே காயில் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். இந்த முடிவைப் பலரும் கட்டுகிறார்கள். மல்டிமீட்டர் தன் உள்பேட்டரியின் சில வோல்ட்டை வைத்துக்கொண்டு அளக்கிறது. பல்லாயிரம் வோல்ட்டிலும் நூறு டிகிரி சூட்டிலும் மட்டுமே விரிசல் விடும் காப்பைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல இயலாது. அளவு தப்பாக வந்தால் காயில் கெட்டது என்று நம்பலாம். அளவு சரியாக வந்தால் எதையும் நம்ப முடியாது.

ஆனால் வண்டி நின்ற இடத்திலேயே, கை வைக்க முடியாத சூட்டில், அதே காயிலை அளந்தபோது 1.2 ஓம் வந்தது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். அதாவது 20 டிகிரியில் 1.5 ஓம் உள்ள சுருள் 100 டிகிரியில் 2 ஓமை நெருங்கியிருக்க வேண்டும். சூட்டில் ஏறவேண்டிய அளவு இறங்கியிருக்கிறதென்றால், உள்ளே சில சுற்றுகள் காப்புருகி ஒன்றையொன்று தொட்டுக் குறுக்குவழி போட்டுக்கொண்டன என்று பொருள். ஆறியதும் அவை விலகிவிடுகின்றன, வண்டி கிளம்பிவிடுகிறது. குளிர்ந்த அளவையும் சூடான அளவையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்காதவருக்கு இந்த உண்மை பிடிபடவே பிடிபடாது. காயிலின் மேல்விளிம்பில் எண்ணெய் கசிந்து, தூசி படிந்து, கறுப்பு வளையம் கட்டியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன்.

ஏன் அவ்வளவு சூடானது என்பதே அடுத்த கேள்வி. விடை காயிலின் முதுகிலேயே அச்சிட்டிருந்தது: வெளி ரெசிஸ்டருடன் மட்டுமே பயன்படுத்தவும். அந்தக் காலத்து வண்டிகளில் இரண்டு மரபுகள் இருந்தன. ஒன்று, 3 ஓம் அளவிலான முதன்மைச் சுருளைக் கொண்ட காயிலுக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுப்பது. மற்றொன்று, 1.5 ஓம் காயிலைப் போட்டு, அதற்கு முன்னால் பேலஸ்ட் ரெசிஸ்டர் என்னும் இன்னொரு 1.5 ஓமைத் தொடராக இணைப்பது. ஓட்டத்தின்போது காயிலுக்குப் பாதி வோல்ட்டே கிடைக்கும், ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டிப் பேட்டரியின் முழு வோல்ட்டும் நேராகப் போகும். ஸ்டார்ட்டர் சுழற்சியில் பேட்டரி 9 அல்லது 10 வோல்ட்டுக்குச் சரிந்துவிடும் என்பதால், அந்த வேளையிலும் பலமான பொறி கிடைக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. என் வண்டி இரண்டாவது வகை. ஆனால் பானெட்டுக்குள் எங்கு தேடியும் பீங்கான் ரெசிஸ்டர் எதுவும் கண்ணில் படாததால், முதல் வகை என்றே நினைத்திருந்தேன்.

சில வண்டிகளில் ரெசிஸ்டரைத் தனிப் பொருளாக வைக்காமல், ஒயர்க் கட்டுக்குள்ளேயே மின்தடை மிகுந்த தனிவகைக் கம்பியாகப் பதித்துவிடுவார்கள். என் வண்டியிலும் அப்படியே. அந்தக் கம்பியை எனக்குமுன் வைத்திருந்த யாரோ எப்போதோ வெட்டி ஒதுக்கிவிட்டு, சாவி சுவிட்சிலிருந்து காயிலுக்குச் சாதாரண ஒயர் ஒன்றை நேராக இழுத்திருந்தார். வண்டி கிளம்பாத ஏதோ ஒரு நாளில் அவசரத்துக்குச் செய்த வேலை போலும். டேப் சுற்றிய விதமே அதைச் சொன்னது. இதைக் கண்டுபிடிக்க ஒயர்க் கட்டைப் பிரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியைப் போட்டு, காயிலின் பாசிட்டிவ் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே வோல்ட்டை அளந்தால் போதும். பேலஸ்ட் உள்ள வண்டியில் 6 அல்லது 7 வோல்ட் வரவேண்டும். எனக்கு வந்தது 12.1.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுக்கிறது என்று கொண்டால், ரெசிஸ்டர் இருக்கும்போது மொத்தம் 3 ஓமில் 4.7 ஆம்பியர் பாயும். காயிலுக்குள் வெப்பமாவது சுமார் 33 வாட். ரெசிஸ்டர் இல்லாதபோது 1.5 ஓமில் 9.3 ஆம்பியர்; வெப்பம் 130 வாட்டுக்கும் மேல். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் முழுச் சுற்றில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான் என்று தள்ளிவிட்டாலும், ஒரு கைப்பிடி அளவுள்ள உலோகக் குப்பி தாங்கக்கூடிய சூடல்ல அது.

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விரட்டினாலும் போகாத வண்டி, நெரிசலில் ஏன் நின்றது என்ற புதிரும் இங்கேயே அவிழ்ந்தது. காற்றோட்டம் இல்லாததுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. சுருளில் மின்னோட்டம் எடுத்த எடுப்பில் உச்சத்தைத் தொடாது, சில மில்லிசெகண்டுகளில் படிப்படியாக ஏறும். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) சுழலும்போது நொடிக்கு 100 பொறிகள். ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட் மூடியிருப்பது 6 மில்லிசெகண்ட் மட்டுமே, அதில் பெரும்பகுதி ஏறுவதிலேயே போய்விடும். வண்டி நிற்கையில் எஞ்சின் சும்மா ஓடும் 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் அதே மூடல் 22 மில்லிசெகண்டுக்கு நீள்வதால், மின்னோட்டம் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டு, பொறிக்கு எதையும் கூட்டாமல் வெறும் வெப்பமாகிறது. இதையும் மிஞ்சுவது எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டுவைத்திருப்பது. பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் காயிலில் இடைவெளியே இல்லாமல் முழு மின்னோட்டமும் பாய்ந்துகொண்டிருக்கும். யாருக்காகவோ காத்திருக்கும்போது சாவியைப் போட்டுப் பாட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கு இருந்தது.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஐந்து மாதங்களில் பாயிண்டை இரண்டு முறை மாற்றியிருந்தேன். இரண்டு முறையும் அதன் முகம் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தது. பாயிண்ட் திறக்கும்போது அதன் முகத்தில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர்மேல் பழிபோட்டு அதையும் மாற்றினேன். 4 ஆம்பியரைச் சுமக்க வேண்டிய தொடுமுகம் 9 ஆம்பியரைச் சுமந்தால் கருகாமல் என்ன செய்யும்? காயில் எரிவதும் பாயிண்ட் எரிவதும் ஒரே கம்பியில் நடப்பவை என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. அது மட்டுமல்ல, பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்குப் பதில் 0.3இல் வைத்திருந்தேன். இடைவெளி குறைந்தால் மூடியிருக்கும் நேரம் கூடும், சூடும் கூடும்.

காயிலை 3 ஓமாக மாற்றிவிட்டால் நேர் ஒயரை அப்படியே விட்டுவிடலாமே என்று மெக்கானிக் சொன்னார். தவறான யோசனை அல்ல. சூட்டுச் சிக்கல் அதோடு தீர்ந்திருக்கும். ஆனால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சாலினாய்டில், ரெசிஸ்டரைத் தாண்டிப்போகும் அந்தத் தாண்டல் ஒயருக்கான கூடுதல் முனை இன்னும் இருந்தது, ஒயரும் டேப்பில் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியைச் செய்தவர்கள் நினைத்தபடியே திருப்பிவிட மனம் விரும்பியது. 1.5 ஓம் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்றை பிளாஸ்டிக்கும் ஒயரும் அருகில் வராத இடத்தில் தகட்டோடு திருகி, தாண்டல் ஒயரையும் சேர்த்துப் புதுக் காயிலைப் பொருத்தினேன். ரெசிஸ்டர் 30 வாட் வரை வெப்பத்தைக் கக்கும் என்பதால் இடத்தேர்வு முக்கியம். ரெசிஸ்டரிலிருந்து காயிலுக்கு வரும் ஒயரின் முனையில் 6.3 வோல்ட் வந்தது. கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆறே வாரத்தில் மூன்றாவது காயில் போயிற்று.

அப்போது எனக்கு வந்த முதல் எண்ணம், நான் போட்ட ரெசிஸ்டர் தப்பு என்பதே. அதை மூன்று முறை அளந்தேன். ஆல்டர்னேட்டர் மிகையாகச் சார்ஜ் செய்கிறதோ என்று பார்த்தேன், 14.2 வோல்ட், குறையில்லை. இப்படி முதன்மைப் பக்கத்தையே சுற்றிச்சுற்றி இரண்டு வார இறுதிகள் கழிந்தன. உண்மையில் இந்தச் சாவின் அறிகுறியே வேறாக இருந்தது, நான்தான் கேட்கவில்லை. இம்முறை வண்டி சூட்டில் நிற்கவில்லை. குளிர்ந்த எஞ்சினிலேயே, மேட்டில் ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் மட்டும் மிஸ்ஃபயர் (பொறி தவறி எஞ்சின் இடறுவது) ஆனது, சமதரையில் மெதுவாகப் போனால் சரியாக ஓடியது. ஈரக்காற்று உள்ள காலை வேளைகளில் கூடுதலாக இடறியது. காயிலைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தேன். காயிலின் உச்சியில், நடு ஒயர் செருகும் பிளாஸ்டிக் கோபுரத்தின் பக்கவாட்டில் நீலப் பொறி ஒன்று கீழிருக்கும் முனையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பகலில் கழற்றிப் பார்த்தால், பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கரிக்கோடு. மின்பொறி ஒருமுறை அப்படிப் பாதை போட்டுவிட்டால் கரியே கடத்தியாகிவிடும். துடைத்தாலும் சுரண்டினாலும் நெடுநாள் நிற்காது.

காயில் எப்போதும் முழு வோல்ட்டையும் வெளியே தள்ளுவதில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். பிளக்கின் இடைவெளியை எவ்வளவு வோல்ட் தாண்டுமோ அதுவரைதான் மின்னழுத்தம் ஏறும். பொறி பாய்ந்ததும் விழுந்துவிடும். சீரான பிளக்கும் ஒயரும் உள்ள வண்டியில் காயில் தன் திறனில் பாதியைக்கூடத் தொடாமல் காலம் தள்ளும். வழியில் இடைவெளிகள் கூடக்கூட மின்னழுத்தம் மேலே மேலே ஏறி, பிளக்கைவிட எளிதான வேறு வழி எங்கே இருக்கிறது என்று தேடும். அந்த வழி பெரும்பாலும் காயிலின் காப்புக்குள்ளேயே இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் பொறி தாண்டுவதற்கு இன்னும் கூடுதல் வோல்ட் வேண்டும். மேட்டில் மட்டும் இடறியது அதனால்தான்.

என் வண்டியில் காயிலிலிருந்து பிளக் வரையுள்ள வழி நெடுகப் பள்ளங்கள். பிளக்குகளின் இடைவெளி 0.7 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் தேய்ந்து 1.1 ஆகியிருந்தது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் நடு ஒயர் நேராக இருக்கும்போது 9 கிலோஓம் காட்டியது. வளைத்துப் பிடித்தால் இணைப்பே இல்லை, உள்ளே கார்பன் இழை அறுந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலுள்ள கரித்துண்டு தேய்ந்து, உள்ளே சுழன்று பொறியைப் பங்கிடும் ரோட்டரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. இவற்றோடு என் கைவண்ணமும் சேர்ந்திருந்தது: மூன்றாவது காயிலைப் பொருத்தும்போது பிளஸ், மைனஸ் ஒயர்களை மாற்றிச் செருகியிருந்தேன். பேட்டரியின் மைனஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும் நெகட்டிவ் எர்த் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் மைனஸ் முனைக்குத்தான் வரவேண்டும். மாற்றிப் போட்டாலும் வண்டி ஓடும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் எலக்ட்ரான்கள் பிளக்கின் சூடான நடுமுனையிலிருந்து கிளம்புவதற்குப் பதில், குளிர்ந்த வெளிமுனையிலிருந்து கிளம்பவேண்டியிருப்பதால், அதே இடைவெளிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது.

இந்தப் பள்ளங்களில் பல முதல் இரண்டு காயில்களின் காலத்திலும் இருந்திருக்கும். அவற்றைச் சூடு முந்திக்கொண்டது, அவ்வளவுதான். சூட்டை நிறுத்தியதும் வரிசையில் அடுத்து நின்ற நோய் முன்னால் வந்தது.

பிளக்கின் தலைமேலேயே காயில் உட்காரும் பிற்கால வண்டிகளிலும் இந்த இரு பக்கக் கணக்கு மாறுவதில்லை. நண்பர் ஒருவரின் காரில் மூன்றாவது சிலிண்டரின் காயில் மட்டும் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தால் மிஸ்ஃபயரும் கூடவே போகிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்யும் சோதனை. கூடப் போனால் காயில் கெட்டது என்று தெரியும், ஏன் கெட்டது என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அதே குழியில் சாகிறதென்றால் குழியைத்தான் பார்க்கவேண்டும். பார்த்தோம். வால்வு மூடியின் சீல் கசிந்து பிளக் குழிக்குள் எஞ்சின் ஆயில் தேங்கி, காயிலின் ரப்பர் உறை ஊறி உப்பியிருந்தது. சீலையும் பிளக்கையும் மாற்றியபிறகு போட்ட காயில் இன்னும் ஓடுகிறது. நான்கு குழிகளிலும் மாறிமாறிப் போயிருந்தால் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை, ஆல்டர்னேட்டரின் வோல்ட், காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் என்று எல்லாவற்றுக்கும் பொதுவானவற்றைத் தேடியிருப்போம்.

என் வண்டியில் இப்போது இருப்பது நான்காவது காயில். நடு ஒயர், பிளக்குகள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் நான்கும் புதியவை. காயில் ஆறியிருக்கும்போது 1.5 ஓம், போன வாரம் நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்து, பானெட்டைத் திறந்து, ஒயர்களைக் கழற்றி உடனே அளந்தேன். 1.8 ஓம். ஏறியிருக்கிறது.